ஆர்லீன் கட்டிய சோளப் பைகள்

டெல்மர்,

டூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். மதியம் மிஞ்சிய கறி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. சூடாக்கத் தெரியும்தானே? அதற்கும் உன் தங்கையைக் கூப்பிடாதே.

நேற்று குடும்பமே உட்கார்ந்து மட்டை உரித்த சோளத்தில் பாதி வீண். கதிரைக் கொதிக்கிற தண்ணீரில் நாலு நிமிஷம் போட்டு, ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, அப்புறம்தான் மணியைச் சீவி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். ஆர்லீன் வந்தாள். "இதெல்லாம் வேண்டாத வேலை அண்ணி, பச்சையாவே சீவிப் போட்டா ஆச்சு" என்றாள். நீயும் உடனே, "அவ சொல்றதும் சரிதானே" என்று தலையாட்டினாய். அதுவும் என் அண்ணன் எதிரில்! பச்சையாகப் போட்ட சோளம் ஜனவரியில் வைக்கோல் மாதிரி இருக்கும்.

ஃப்ரீசரில் இடது பக்கம் இருப்பது அவள் கட்டிய பைகள். வலது பக்கம் நான் கட்டியவை.

கேக் அச்சையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போய் வாங்கி வா. அதன் நடுக்குழாயில் கதிரை நிறுத்தித்தான் நான் சீவுவேன், மணி சிதறாமல் அச்சுக்குள்ளேயே விழும். "அது எங்கம்மாவோடது" என்பாள். உங்கம்மா அதை என் கையில்தான் கொடுத்தார்.

லவான்

பி.கு.: சக்கைக் கதிர்களை நாய்க்கு எட்டுகிற இடத்தில் கொட்டியிருக்கிறாய். விழுங்கித் தொலைத்தால் ஆபரேஷன்தான். அள்ளிப் போடு.

இன்னொன்று. பனிக்காலத்தில் நீ இடது பக்கத்துப் பைகளையே சாப்பிடு. வலது பக்கம் கை வைக்காதே. வழக்கமாக ஒரு பையில் இரண்டு பேருக்கு அளந்து கட்டுவேன். இந்த வருஷம் ஒருத்திக்குத்தான் கட்டியிருக்கிறேன்.