அமுக்கராத் தூளும் அட்டைக் கடியும்

ஜூன் 2, திங்கள்

விடியுமுன்பே மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை. நான் ஆயாவாக இருக்கும் பிள்ளைக் காம்பராவுக்கு நாலே பிள்ளைகள். வேலை இல்லாத நாளில் தாய்மார் பிள்ளையை ஏன் கொண்டுவந்து விடப் போகிறார்கள்.

கேகாலை பிரஷர் கிளினிக்கில் டொக்டர் அம்மா ஒரு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது எழும்பினேன், என்னென்ன குடித்தேன், பகலில் தூங்கினேனா. அதற்கு இந்தக் கொப்பியின் முன்பக்கம். பின்பக்கம் எனக்கு. தலைகீழாகத் திருப்பி எழுதுகிறேன். வீட்டுக்காரர் எடுத்துப் பார்த்தாலும் முன்பக்கத்தோடு சலித்துப்போய் வைத்துவிடுவார்.

படுத்தது 9. தூங்கியது 1 இருக்கும். எழும்பியது 3.30. மாதத் தீட்டு நின்று இரண்டு வருடம், அன்றிலிருந்து இதே கதைதான். திடீரென்று உடம்பு கொதிக்கும். போர்வையை உதறுவேன். பிறகு குளிரும், தேடுவேன். பக்கத்தில் இவர் தலையணையைக் கண்டதும் தூங்கும் ஜாதி. எரிச்சலாக வருகிறது.

ஜூன் 3, செவ்வாய்

வெயில். ஒன்பது பிள்ளைகளும் வந்தன.

குவைத்தில் வீட்டு வேலை பார்க்கும் தங்கச்சி அனுப்பிய போத்தலை இன்று திறந்தேன். மெக்னீசியம். அங்கே அவள் மேடம் குடிப்பதாம். ஃபோனில், "அது மருந்தில்லக்கா, சத்து. ராத்திரிக்கு ஒன்னு போடு, கட்ட மாதிரி தூங்குவ" என்றாள். முன்பக்கத்தில் 'மருந்து' என்ற இடத்தில் பிரஷர் மாத்திரை மட்டும் எழுதினேன். சத்தை எதற்கு எழுத.

பிளேன்டி 7 கோப்பை. வெறும் தேத்தண்ணீர், இதுவும் எழுதத்தான் வேண்டுமாம்.

ஜூன் 4, புதன்

மெக். தூக்கத்தைக் கொண்டுவரவில்லை. வயிற்றைக் கலக்கிவிட்டது. விடியுமுன் மூன்று தரம் கக்கூசுக்கு. கட்டை மாதிரித் தூங்குவேனாம்.

தெரிந்தவர்கள் சொன்னது: பாலில் ஜாதிக்காய் உரசிக் குடி (பால் வெட்டும் மாரி). உள்ளங்காலில் நல்லெண்ணெய் (எதிர்வீடு). ஃபோனை மூடி வை (மகன், அவன் மட்டும் பன்னிரண்டு வரைக்கும் ஃபோனோடு).

பின்னேரம் ருவான்வெல்லைக்குப் போய் நாட்டு வைத்தியர் வெதமாத்தயாவிடம் அமுக்கராத் தூள் வாங்கினேன். சூடான பாலில் ஒரு தேக்கரண்டி, படுக்க முன். கைராசிக்காரர். மூக்கு ஒழுகுகிறது, தடுமல் பிடிக்கப் போகிறது.

ஜூன் 5, வியாழன்

தூள் பரவாயில்லை. மூன்று மணி நேரம் தூங்கினேன். ஒன்றுக்கே மூன்று மணி என்றால் இன்றைக்கு இரண்டு போடுவோம்.

தடுமல் முற்றிவிட்டது. பிள்ளைகளின் கஞ்சிக்குள் மூக்கைச் சிந்த முடியுமா. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். ஐயா கேட்டார், "வேற மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?"

"பிரஷருக்கு மட்டுந்தாங்க."

சின்ன வெள்ளை மாத்திரை பத்து. "இது தூக்கம் வரும். ராத்திரிக்கு மட்டும் போடுங்க."

"எனக்கா? வந்தா கும்புடு போடுவேனுங்க" என்றேன். அவரும் சிரித்தார்.

ஜூன் 6, வெள்ளி

இதை எழுதிவிட வேண்டும்.

நேற்றிரவு தூள் இரண்டு கரண்டி, மெக். ஒன்று. அப்படியும் மூன்றுக்கே விழிப்பு. காலையில் மூக்கு தண்ணீராய் ஓடியது. பிள்ளைகளுக்குத் தொற்றுமே என்று வெள்ளை மாத்திரை ஒன்றைக் காலையிலேயே போட்டேன். ராத்திரிக்கு மட்டும் என்று அவர் சொன்னது காதில் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பத்தரைக்கு எல்லாரையும் படுக்கப் போட்டேன். ஐந்து தொட்டில், ஒரே கயிறு, வழக்கம்போல் கயிறு என் காலில். பெரிய பிள்ளைகள் நாலும் பாயில். ஆட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

மாரியின் குரலில் விழித்தேன். பால் வாளியை வாசலில் வைத்துவிட்டு நிற்கிறாள். இடுப்பில் ஹர்ஷினி. அவளோடு பால் வெட்டும் செல்வியின் மகள், இரண்டரை வயது.

"ஏங்க்கா, இது கானு ஓரத்துல குந்திக்கிட்டு இருக்கு. தண்ணியில எலைய விட்டு வெளையாடுது. நீங்க என்னா, தூங்கிட்டீங்களா?"

கானு வாய்க்காலில் திங்கட்கிழமை மழைத் தண்ணீர் இன்னும் இடுப்பளவு ஓடுகிறது. என் இடுப்பளவு.

மணி பதினொன்று பத்து. எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று கணக்குத் தெரியவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அது சிரித்தது. கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் ஒழுகியது. துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

மாரி: "விடுங்க. ஒன்னும் ஆகலயே. நா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

இரண்டு மணிக்கு செல்வி வந்தாள். கணுக்காலைப் பார்த்தாள். "எங்கக்கா கடிச்சிச்சு?"

"வாசல்ல தான். புல்லு மண்டிக் கெடக்குதே" என்றேன். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது.

முன்பக்கம்: பகல் தூக்கம் – இல்லை.

ஜூன் 7, சனி

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். மெக்., தூள், வெள்ளை மாத்திரை, மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டியாயிற்று. பேய் மாதிரி விழித்திருந்தேன். அது எவ்வளவோ மேல்.

காம்பரா கதவில் பழைய பால் சிரட்டை ஆறு கோத்துத் தொங்கவிட்டேன். யார் கதவைத் தொட்டாலும் சடசடவென்று கொட்டும். கதவின் கொண்டி கீழே இருக்கிறது, இரண்டரை வயதுக்கு எட்டும் உயரம். ஆறு வருடமாகப் பார்க்கிற கொண்டி. ஒரு நாளும் தோன்றவில்லை.

செல்வி போகும்போது சொன்னாள், "தோட்டத்துல சொன்னா இந்தப் புல்ல எப்ப வெட்டுவானுங்க? ஞாயித்துக்கெழம இவர வந்து வெட்டச் சொல்றேன்."

வேண்டாம் என்றேன். "என்னக்கா, நம்ம புள்ளைங்களுக்குத்தானே" என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

வானம் மப்பு. மழை இல்லை.

செல்வியின் புருஷன் குமார் காலை ஏழு மணிக்கே மம்பட்டியோடு வந்துவிட்டான். வாரத்தில் அவனுக்கு ஒரே லீவு. எங்கள் லயத்து வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு மணிக்குக் காம்பரா வாசல் முழுக்க வழித்த மாதிரி. ஓரத்துக்குச் சுண்ணாம்பும் போட்டிருந்தான்.

பிளேன்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தான். "ஒரு அட்டையக்கூட காணோம்க்கா" என்றான். ஆச்சரியமாகத்தான் சொன்னான், சந்தேகமாக இல்லை. "இனி பயமில்ல. நீங்க ஒத்த ஆளு, ஒம்பது புள்ளைய எப்புடித்தான் பாப்பீங்க."

வீட்டுக்கு வந்து அழுதேன். வெங்காயம் உரித்ததாக இவரிடம் சொன்னேன். இவரும் நம்பினார். எல்லாரும் என்னை நம்புகிறார்கள். சீ.

ஜூன் 9, திங்கள்

கிளினிக். காம்பராவைப் பார்க்க இன்று மேல் டிவிஷன் ஆயா. அவளிடம் கதவைப் பற்றி மூன்று தரம் சொன்னேன். கேகாலை பஸ்ஸில் நின்றே போனேன்.

சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் கொப்பி தமிழில், டொக்டர் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தமிழ் தெரிந்த நர்ஸ் மிஸ் வாசித்துச் சொன்னார். பிளேன்டி ஏழு என்றதும் டொக்டர் அம்மா தலையில் கை வைத்தார். வேறு எதுவும் குடிப்பதில்லையா என்று கேட்டார். பையை அவிழ்த்து மேசையில் வைத்தேன்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதை எந்த நாளில் போட்டேன் என்று கேட்டார், சொன்னேன். "மேவாத் பெஹெத் தமய்" என்றார். இவையும் மருந்துதான். கோபமாகச் சொல்லவில்லை. பேசாமல் திட்டியிருக்கலாம்.

சொன்னவை: மெக்னீசியம் தேவையா என்று ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு பார்ப்போம், கிட்னி சரியில்லாதவருக்கு அது கூடாது. தூளும் வெள்ளை மாத்திரையும் சேர்ந்தால் பகலில் ஆளைச் சாய்த்துவிடும். பிரஷர் மாத்திரையோடு எது சேரும், எது சேராது என்று கேட்காமல் எதையும் போடக்கூடாது. இரண்டு மணிக்குப் பிறகு தேத்தண்ணீர் இல்லை. உடம்பு கொதிப்பதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது, அடுத்த மாதம் கொப்பியோடு வர வேண்டும்.

நர்ஸ் மிஸ் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் விரலை வைத்தார். "பகல் தூக்கம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் சேத்துப் போட்டும் கண்ணைக் கட்டலயா?"

"கட்டிச்சு."

"என்ன வேலை செய்றீங்க?"

"புள்ள பாக்குற வேலைங்க."

அவர் பேனா நின்றது. டொக்டர் அம்மாவிடம் அதைச் சிங்களத்தில் சொன்னார். பேனாவை வாங்கி 'இல்லை' என்பதை வெட்டினேன். '40 நிமிடம், கூடவும் இருக்கலாம்' என்று எழுதினேன்.

கொப்பியில் திருத்தியாயிற்று. கொப்பியா கானுக்குப் போனது?

ஜூன் 10, செவ்வாய்

பொசொன் போயா, பௌர்ணமி. லீவு. சந்தியில் தன்சல், இலவசச் சாப்பாடு, லயமே அங்கேதான்.

செல்வி போகவில்லை, துணி துவைத்துக்கொண்டிருந்தாள். குமார் படியில். ஹர்ஷினி அவன் மடியில். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை, உட்கார்ந்தால் வேறு கதை பேசிவிட்டு வந்துவிடுவேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, தூக்கம், மாரி தூக்கி வந்தது, வாசல் புல் என்று சொன்ன பொய்.

செல்வி ஒன்றுதான் கேட்டாள். "கானுகிட்டயா?"

"ஆமா."

ஈரக் கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். குமார், "அப்ப நா வெட்டுன புல்லு..." என்று ஆரம்பித்தான்.

வேலை போகும். காம்பராவுக்குப் பொறுப்பான வெல்ஃபெயார் ஐயாவிடம் அவர்கள் போய்ச் சொன்னால் நியாயம்தான். இவரிடமும் சொல்லிவிட்டேன். "சொன்னது சரி" என்றார்.

மாத்திரை, பிரஷருக்கு மட்டும். பிளேன்டி 2.

ஜூன் 11, புதன்

பனி. ஐந்தே முக்காலுக்குக் காம்பராவைத் திறந்தேன். ஒவ்வொன்றாக எட்டுப் பிள்ளைகளும் வந்தன. ஆறு மணி. செல்வி இல்லை. எட்டிப் பார்க்கக்கூடாது என்று இருந்தேன். பார்த்தேன்.

ஆறே காலுக்கு வந்தாள். வாளியும் கத்தியும் கையில். பிள்ளை இல்லை.

"அவ இன்னைக்கு அவங்க அப்பாகூட இருக்கா." மடியிலிருந்து ஒரு புதுக் கொண்டியும் நாலு ஆணியும் எடுத்து மேசையில் வைத்தாள். "இவரு சந்தியில வாங்கியாந்தாரு. ஒசரமா அடிங்க. அவ கைக்கு எட்டாத எடமா பாத்து அடிங்க."

"நாளைக்குக் கொண்டாருவியா?"

"தெரியலக்கா." என் முகத்தைப் பார்க்கவில்லை. "கண்ண மூடுனா கானுதான் தெரியுது. ராத்திரி பூரா நாங்க ரெண்டு பேரும் பொட்டுத் தூக்கமில்ல."

போய்விட்டாள். ஸ்டூல் போட்டு ஏறிக் கொண்டியை அடித்தேன்.

நான் நேற்று ஒன்பதுக்குப் படுத்தேன். நாலரைக்கு இவர் எழுப்பித்தான் எழும்பினேன். இரண்டு வருடத்தில் இப்படித் தூங்கியதில்லை. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. முன்பக்கத்தில் இன்னும் எழுதவில்லை.