இளங்கொடியும் மாத்திரை அட்டையும்

காலையில் நம் செவலைப் பசு கன்று ஈன்றது. தொழுவம் முழுக்க அந்தப் பச்சை வாடை. இந்த வாடை எழுந்தாலே நீ வெந்நீர் போட ஓடுவாய், நான் சாக்கைத் தேடுவேன்.

கன்றுக்குப் பின் இளங்கொடி, அந்த நஞ்சுக்கொடி, விழும்வரை பசுவின் பின்னால் கம்போடு நிற்பது என் வேலை. அது வாய் வைக்குமுன் பிடுங்கி, வைக்கோலோடு சாக்கில் கட்டி, கல்லுப்பட்டி சாலை ஆலமரத்தில் தொங்கவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். தின்றால் பால் வற்றிவிடும் என்று அப்படி ஒரு பயம். நீ ஒவ்வொரு முறையும் சண்டைக்கு வருவாய்.

"எம்புட்டு வலியில நிக்கிறா! கேக்குறதக் குடுத்தா உங்களுக்கு என்ன கொறஞ்சு போகும்?"

"வந்துட்டாய்யா மாட்டு டாக்டரு" என்று கேலி பேசி உன் வாயை அடைப்பேன்.

இன்று நிஜமாகவே டாக்டரம்மா வந்திருந்தார். செவலை கொடியின் பக்கம் தலையைத் திருப்பியதும் நான் கம்பை எடுத்தேன்.

"விடுங்கண்ணே. தொண்டையில சிக்காமப் பாத்துக்கிட்டாப் போதும். பாலெல்லாம் வத்தாது. வலி வந்தா உடம்பே கொஞ்சம் மருந்து சுரக்கும். கொடியும் பனிக்குடத் தண்ணியும் உள்ள போனா அதுக்கு வேகம் கூடும். எலிக்கு மார்பின் குடுத்தே பாத்திருக்காங்க. கொடி தின்ன எலிக்கு வலி இன்னும் கொறஞ்சுதாம்."

மார்பின் என்ற பெயரை நான் உன் மாத்திரை அட்டையில்தான் படித்திருக்கிறேன். கம்பைக் கீழே போட்டுவிட்டேன். செவலை நிதானமாகத் தின்றது.

புற்று உன் எலும்புக்குள் இறங்கியபோது நாலு மணி நேரத்துக்கு ஒன்று கொடுக்கச் சொன்னார்கள். பழகிப்போகும், புத்தி மழுங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று கொடுத்தேன். மத்தியானம் நீ தலையணையைக் கடித்துக்கொண்டு கேட்டாய்.

"மாத்திரை தீந்துருச்சாங்க?"

"ஆமா" என்றேன். அட்டை என் சட்டைப்பையில் இருந்தது.

சாகப்போகிறவளுக்கு எது பழகினால் என்ன? இந்தப் புத்தி எனக்கு அன்று இல்லையே. மாட்டுக்காக அத்தனை சண்டை போட்ட நீ, உனக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

போன வாரம் நம் மகள் போனில் பேசினாள். "அம்மாவுக்கு மருந்துல ஒரு கொறையும் வைக்கலப்பா நீங்க. அது போதும் எனக்கு" என்று அழுதாள்.

அழாதம்மா என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். அந்த நல்ல பெயரோடுதான் இருக்கிறேன்.