பாதிக்கு மட்டும் வேலி

இறால் குளங்களில் சுண்ணாம்பு தூவுகிறார்கள். அறுவடை முடிந்து, தண்ணீரை வெளியேற்றி, அடிச்சேறு பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்த பிறகு செய்யும் வேலை. உப்புநீர்க் களப்பின் காற்றில் அந்த வெள்ளைத் தூள் அலுவலக ஜன்னல் வரை வந்துவிட்டது. இந்த மணம் வந்தால் நீ முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இனி ஆண்டுக் கணக்கு முடிக்கச் சொல்லி வெளிநாட்டுக்காரன் உயிர எடுப்பான்" என்பாய். இன்று காலை நான் மூக்கைப் பொத்தாமல் அந்த வாக்கியத்தை மட்டும் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மதுரங்குளியிலிருந்து களப்புப் பக்கம் இறங்கும் பாதையில் இருக்கும் இந்த இறால் கம்பனிக்கு நாம் ஒரே மாதத்தில்தான் வந்தோம். கணக்குப் பகுதியில் இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. நான் உடப்பிலிருந்து வருவேன், நீ புத்தளம் பக்கத்துத் தில்லையடியிலிருந்து. வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாருக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த உன் ஊரை விட்டு வந்து அங்கே குடியேறிய குடும்பம் உன்னுடையது. முதல் வாரத்திலேயே என் மீன் குழம்பைச் சுவைத்துவிட்டு, "உப்பு மட்டும் புத்தளத்து உப்பு, மற்றதெல்லாம் எங்கட ஊரு ருசி" என்றாய். அதன் பிறகு நான் இரண்டு பேருக்குக் குழம்பு கட்டிக்கொண்டு வரத் தொடங்கினேன்.

தலைமை அலுவலகம் வெளிநாட்டில் இருந்தது. அங்கிருந்து வந்த முதல் சுற்றறிக்கையை நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன். எங்களிடம் என்னென்ன 'ஹெட்ஜ்' இருக்கின்றன என்று விவரம் கேட்டிருந்தார்கள். நீ அகராதியைப் புரட்டினாய். வேலி என்று இருந்தது. உடனே பண்ணைக் காவலாளியைக் கூப்பிட்டு விசாரித்து, பாதைப் பக்கம் கம்பி வேலி நன்றாக உள்ளது, களப்புப் பக்கம் ஓலை வேலியை மாடு சரித்துவிட்டது, திருத்தப் பணம் அனுப்பவும் என்று அழகான ஆங்கிலத்தில் பதில் அனுப்பிவிட்டாய். இரண்டு நாள் கழித்து மனேஜர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மிஸ், அவங்க கேட்டது மாட்டுக்குப் போடுற வேலி இல்ல. டொலருக்குப் போடுற வேலி."

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அது வேலிதான். எங்கள் இறால் கப்பலேறிப் போய் டொலராகத் திரும்பும். குஞ்சு விடும் நாளில் டொலருக்கு இருக்கும் விலை, பணம் வந்து சேரும் நாளில் இருக்காது. யுத்த காலத்தில் அது எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே மூன்று மாதம் கழித்து வரப்போகும் டொலரை, இன்றே பேசிய விலைக்கு வங்கிக்குத் தருவதாக ஒப்பந்தம் செய்துகொள்வார்கள். பிறகு விலை ஏறினால் அந்த லாபம் கிடைக்காது, இறங்கினால் நட்டமும் இல்லை. அதையும் எதிர்பார்க்கும் அறுவடையில் பாதிக்கு மட்டும்தான் செய்வார்கள். முழுவதற்கும் செய்தால், நோய் வந்து இறால் செத்துப்போன பருவத்தில் கையில் இல்லாத டொலரை வங்கிக்குக் கொடுக்க வேண்டி வரும். "குளத்துக்குள்ள கிடக்கிறத எல்லாம் வித்திட்டதா நெனைக்கப் படாது" என்று நீ ஒரு கடதாசியில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தாய்.

சமாதானம் பேசிய காலத்தில் பாதை திறந்தது. நீங்கள் விட்டு வந்த ஊர்க் காணிகளைத் தேடித் தரகர்கள் தில்லையடிக்கு வரத் தொடங்கினார்கள். உன் வாப்பா உயிரோடு இருக்கும்போதே கடலோர வளவை உனக்கும், நீ நானா என்று கூப்பிடும் உன் அண்ணனுக்கும் சரிபாதியாக எழுதிவைத்திருந்தார். நானா பாலாவிச் சந்தியில், உப்பு லொறியும் சீமெந்து லொறியும் நிற்கிற இடத்தில், டயர்க் கடை போட ஆசைப்பட்டார். முழு வளவையும் விற்றுவிடுவோம் என்று நின்றார். தரகர் சொன்ன விலைக்குப் பழைய முச்சக்கர வண்டி ஒன்றுதான் வாங்கலாம். நீ இரண்டு நாள் சாப்பாட்டைத் திறக்காமலே வைத்திருந்தாய். "காணி உறுதிப் பத்திரம் என்ட பெட்டியிலதான் இருக்கு புள்ள. ஆனா நானாட முகத்தப் பாத்தா கையெழுத்துப் போட்டுடுவன் போல இருக்கு."

அந்த வாரம்தான் கொழும்பிலிருந்து கணக்காய்வாளர் வந்தார். நரைத்த மீசை வைத்த சிங்களப் பெரியவர். தமிழை மெதுவாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசுவார். குளத்தில் பாதி வளர்ந்து நிற்கும் இறாலுக்கு நியாயப் பெறுமதி எழுத வேண்டியிருந்தது. பக்கத்துப் பண்ணையில் நோய் பயத்தில் ஒருவர் அவசரமாக அள்ளி விற்ற விலையை நான் போட்டிருந்தேன். அவர் பென்சிலால் அதை மெல்ல அடித்தார்.

"இது எடுக்க ஏலாது, மிஸ். அவர் பயத்துல வித்தார். ரெண்டு பேரும் விஷயம் தெரிஞ்சு, ரெண்டு பேரும் விரும்பி, ஒருத்தருக்கும் அவசரம் இல்லாம பேசுற விலைதான் நியாயப் பெறுமதி."

நீ கணக்கு இயந்திரத்திலிருந்து கையை எடுத்தாய். "அப்ப சேர், ஒரு ஆள விரட்டிப்போட்டு, பிறகு அந்த ஆள்ட்ட காணிக்கு விலை கேட்டா?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "அது விலை இல்ல மகள்" என்றார். மிஸ் என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் வீட்டில் இருந்தேன். துணைக்கு வா என்று நீ கூப்பிட்டிருந்தாய். தகரக் கூரைக்குக் கீழே தரகர் கதிரையில் நன்றாகச் சாய்ந்திருந்தார். யாருக்காக வாங்குகிறார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

"தங்கச்சி, சண்ட திரும்ப வந்தா இந்தக் காசும் கிடைக்காது."

"சண்ட வருமெண்டு தெரிஞ்சும் வாங்க வந்திருக்கீங்களே. விசர் உங்களுக்கா எனக்கா?"

"வாய மூடு! வீட்டுக்கு வந்த மனிசர்ட்ட இப்பிடியா கதைக்கிறது?" என்றார் நானா.

"நானா, நான் மரியாதையாத்தானே கேட்டன்."

தரகர் தொழுகைக்கு எழுந்து போனார். அவர் வாசல் படலையைத் தாண்டியதும் நானா உடைந்துவிட்டார். "எத்தன வருசம் இந்தத் தகரத்துக்குக் கீழ கிடக்கிறது? நீ சம்பளக்காரி. நான் மற்றவன்ட கடையில டயர் உருட்டுறன். வாப்பாட காணியால எனக்கு ஒரு கடை வராதா?"

அவர் சொன்னதும் நியாயமாகவே எனக்குப் பட்டது. உன் முகத்தைப் பார்த்தேன். உனக்கும் அப்படித்தான் பட்டிருந்தது.

"எங்கட கொம்பனி இறாலுக்குப் பாதிக்குத்தான் வேலி போடும் நானா" என்றாய்.

"இறாலுக்கு வேலியா? கம்பியா ஓலையா?"

நானும் நீயும் சிரித்த சிரிப்பில் நானாவும் என்னவென்று தெரியாமலே சிரித்துவிட்டார். பிறகு நீ அவர் பக்கத்தில் பாயில் அமர்ந்து சொன்னாய். "உங்கட பாதிய வித்துக் கடையப் போடுங்க. என்ட பாதி கிடக்கட்டும். சண்ட வந்தா நான் உங்கட கடையில வந்து நிப்பன். சண்ட முடிஞ்சா நீங்க என்ட வளவுல வந்து நில்லுங்க. ஒண்டு இல்லாட்டி மற்றது இருக்கும்."

நானா பாயோரத்து நாரைக் கிள்ளினார். கடைசியில், "உனக்கு மட்டும் காடு மிஞ்சினா?" என்று கேட்டார்.

"காட்டுக்கும் உறுதி இருக்கு."

திரும்பி வந்த தரகரிடம், பாதிதான், அதுவும் இப்போது அவசரமில்லை, அடுத்த வருடம் பேசலாம் என்றாய். அவர் கோபித்துக்கொண்டு பஸ் ஏறினார். மாதம் முடிவதற்குள் திரும்பி வந்து, முழு வளவுக்கு முன்பு சொன்ன விலையைப் பாதிக்கே தருவதாகச் சொன்னார். யாருக்கு அவசரம் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நானா தன் பாதியை விற்றுப் பாலாவியில் கடையைத் திறந்தார். சண்டை திரும்ப வந்தது. இறாலுக்கு நோயும் வந்தது. கம்பனி ஆட்களைக் குறைத்தபோது எங்கள் இரண்டு மேசையில் ஒன்று காலியானது. நீ சொன்னபடியே டயர்க் கடையில் போய் நின்றாய். நான் கம்பனி வேலையாகப் புத்தளம் போகும் நாட்களில் பாலாவியில் இறங்கினால், ரப்பர் மணத்துக்கு நடுவிலிருந்து உன் குரல் கேட்கும்: "இண்டைக்கு என்ன குழம்பு?" சாரதிகளோடு கடன் பாக்கிக்கு மல்லுக்கட்டுவாய். உன் வளவின் பெயரை அந்த வருடங்களில் நீ வாயால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு நீயும் நானும் நானாவும் உன் வளவுக்குப் போனோம். கிணற்றை நாயுருவிச் செடி மூடியிருந்தது. வாப்பாவின் தென்னைகளில் மூன்று தலை இல்லாமல் நின்றன. நீ செருப்பைக் கழற்றிவிட்டு முள்ளுக்குள் நடந்தாய். அடுத்த பெருநாளுக்கு முன் இரண்டு அறை கட்டினாய். நானா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடையைப் பூட்டிவிட்டுக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வருவார். நீ அங்கே வாழ்ந்தது சில வருடங்கள்தான். உன் நோய் முற்றிய பிறகும் தொலைபேசியில், "கடற்காத்துக்குப் பசிக்குது புள்ள" என்று எனக்கு ஆசை காட்டினாய்.

நீ மௌத்தான அன்று நான் வந்து சேர முன்பே அடக்கம் முடிந்திருந்தது. உன் ஊர்ப் பள்ளிவாசல் மையவாடியில், உன் மூத்தவர்களின் பக்கத்தில். விற்ற பாதியில் யாரோ மதில் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். உன் பாதியின் வாசலில் நானா நின்று வந்தவர்களை அழைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நாலடி முன்னே வந்தார். "வாங்க தங்கச்சி, இது எங்கட வளவு. பாத்து வாங்க, கல் கிடக்கு." எங்கட என்றார். அதைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. நீ இருந்திருந்தாலும் திருத்தியிருக்க மாட்டாய். நீ பேசிய ஒப்பந்தமே அதுதான்.

இப்போது எங்கள் உடப்புக் கடற்கரைக்கும் தரகர்கள் வருகிறார்கள், ஹோட்டல் கட்ட இடம் தேடி. என் கணவர் தடுமாறுவார். நான் வந்தவரை உட்காரவைத்து, அடுப்பில் தேத்தண்ணி வைத்து, அது கொதிக்கும் வரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் கோப்பை முடிவதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவரைக் கும்பிட்டு அனுப்பிவிடுகிறேன். இரண்டாவது கோப்பைக்கும் சம்மதிக்கிறவரோடு மட்டும் விலை பேசலாம் என்று காத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் அமையவில்லை. எனக்கும் அவசரமில்லை.