இரண்டு ஜாடி வாத்துக் கொழுப்பு

மூன்ஸ்டர், 4 மார்ச் 1647

என் பிரியமுள்ள கெஷே,

நம் வீட்டில் இறங்கியிருக்கும் சிப்பாய்கள் பசு லீஸேயைப் பார்த்துச் சப்புக்கொட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். வயிறு எரிகிறது. அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டிய எதிர்த்தரப்புத் தூதர் ராடென் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். சமாதானம் பேச வந்தும், நான் வேலை பார்க்கும் எங்கள் தூதரும் அவரும் இன்னும் சந்திக்கவில்லை. முதலில் போய்ப் பார்ப்பவருடைய எஜமான் தாழ்ந்தவராகிவிடுவாராம்! இப்போது இரண்டு பேருக்கும் ஒரே நாளில் நெஞ்சுச் சளி. எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

உன் யோவாக்கிம்

லிண்டெர்பெக், 11 மார்ச்

அன்புள்ள கணவருக்கு,

நோயாளிகளைப் பார்த்தா சிரிக்கிறீர்கள்? பாவம் இல்லையா? வண்டிக்காரர் ஹின்ரிக்கிடம் இரண்டு ஜாடி வாத்துக் கொழுப்பு கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒன்று உங்கள் தூதருக்கு, ஒன்று அந்த ராடெனுக்கு. எதிரியானால் என்ன, இருமல் இருமல்தானே? சூடுகாட்டி நெஞ்சில் தேய்க்கட்டும்.

இங்கே ஒரு தடியன் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "அக்கா, ஈஸ்டருக்கு என்ன சமைக்கப் போறீங்க?" என்று கேட்கிறான். "உன் தலையைத்தான்" என்றேன். ஆனால் பயமாக இருக்கிறது. லீஸே போனால் பிள்ளைகளுக்குப் பால் ஏது? சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள்.

நீங்களாக ஒரு கடிதம் எழுதினால் என்னவாம்? எப்போதும் நானேதான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது.

கெஷே

மூன்ஸ்டர், 20 மார்ச்

அடி என் பைத்தியமே,

அது சளி இல்லை, சாக்கு! போக மனமில்லாத தூதர்களுக்கெல்லாம் இங்கே வரும் வியாதி அது.

ஹின்ரிக் உன் ஜாடியை ராடென் வீட்டில் கொடுத்ததும், எங்கள் தூதரே முதலில் நலம் விசாரித்து ஆளனுப்பிவிட்டார் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஜெயித்த குஷியில், பெருந்தன்மையைக் காட்ட நேரிலேயே நலம் விசாரிக்கக் கிளம்பிவிட்டார். ஜன்னல் வழியே அவரைப் பார்த்த எங்களவர், "யோவாக்கிம்! அவனேதான்யா முதல்ல வரான்! ஜெயிச்சிட்டோம்!" என்று கட்டிலுக்குத் தாவினார். எனக்கு உயிரே போய்விட்டது. ஜாடி என்று ஒரு வார்த்தை வந்தால் என் வேலையும் போகும், சமாதானமும் போகும்!

நல்லவேளை, மற்றவர்தான் தோற்றார் என்று இருவருமே நினைத்தார்கள்; தோற்றவனிடம் அதைச் சொல்லிக்காட்டுவது மரியாதை இல்லையாம். நோய் நிஜமாகத் தெரிய வேண்டுமே என்று இருவரும் கொழுப்பைப் பூசியிருந்தார்கள். அறை முழுக்க நாற்றம். ஜெயித்தவர்கள் தாராளமாகத்தானே இருப்பார்கள்? உட்கார்ந்த இடத்திலேயே சிப்பாய்களைத் திரும்ப அழைக்கும் உத்தரவு கையெழுத்தாகிவிட்டது.

விடுப்பு கிடைத்தது. ஈஸ்டருக்கு வருகிறேன். ஜாடி விஷயத்தை மட்டும் மூச்சு விடாதே.

உன் யோவாக்கிம்

லிண்டெர்பெக், 2 ஏப்ரல்

என்னவருக்கு,

போய்விட்டார்கள்! அந்தத் தடியன் லீஸேயின் கழுத்தைத் தடவி, "பொழச்சுப் போ" என்றான். அவர்கள் தலை மறைந்ததும் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஜாடியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு அன்னேக்கெயைத் தவிர.

நீங்கள் வந்து கதவைத் தட்டுகிறீர்களா, நான் வாசலில் நிற்கிறேனா என்ற கணக்கெல்லாம் நமக்கு வேண்டாம். ஆலைப் பாலம் வரைக்கும் நானே முதலில் ஓடி வருவேன். தோற்றது நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள் கெஷே