பிறப்புச் சான்றிதழில் இல்லாத அப்பா

ஜூன் 9, திங்கள்

விடிகாலையிலிருந்து சாரல். வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்தில் வேலைக்குப் போகும் பதினோரு பெண்களை இறக்கிவிட்டு ஜீப்பை ராயப்பன்பட்டிக்குத் திருப்பினேன். கயலை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் நாள். புதுச் சீருடை. அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

டீச்சர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். தாய் தேவி, தந்தை முருகேசன். தேவி என் மனைவி செல்வியின் தங்கை. பிள்ளை பிறந்து இருபதாம் நாள் இறந்துவிட்டாள். முருகேசன் கேரளாவில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அன்றிலிருந்து நாங்கள்தான் அப்பா, அம்மா.

"தத்துப் பத்திரம், கோர்ட் ஆர்டர் ஏதாவது இருக்கா?"

இல்லை.

"மேல எழுதாம இருக்க முடியாதுண்ணே. நாளைக்கு எனக்குத்தான் கேள்வி வரும்."

ஜூன் 11, புதன்

தேனி குழந்தைகள் நல ஆபீஸ். பதினொன்றுக்கு வரச் சொல்லி இரண்டுக்குக் கூப்பிட்டார்கள். மேடம் தன்மையாகத்தான் பேசினார்.

"வளத்தது தப்பில்லம்மா. பேப்பர் இல்லாம வளத்ததுதான் சிக்கல். பெரியம்மான்னு சொல்லிப் பிள்ளைய வித்தவங்களையும் இதே நாற்காலியில பாத்திருக்கேன்."

செல்வி: "அஞ்சு வருசமா யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே."

விசாரணை முடியும்வரை கயல் அரசுக் குழந்தைகள் இல்லத்தில் இருக்க வேண்டும். தகப்பன் நேரில் வந்தால் சீக்கிரம் முடியுமாம். வேண்டியவை: தேவியின் இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, பக்கத்து வீட்டார் இருவர் கடிதம், போலீஸ் சான்று, எங்கள் இருவருக்கும் டாக்டர் சான்று.

கயல் அதையும் பள்ளிக்கூடம் என்று நினைத்துவிட்டாள். கையாட்டிக்கொண்டே உள்ளே போனாள். 

ஜூன் 13, வெள்ளி

ஜீப்புக்கு மாற்று டிரைவர். இரண்டு நாள் விசாரித்து முருகேசனைக் கட்டப்பனைப் பக்கம் பிடித்தேன். வீட்டு வாசலில் இரண்டு வயதுப் பையன். முருகேசன் என்னைப் பார்த்ததும் தெருமுனைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"மெதுவாப் பேசுங்கண்ணே. இங்க வீட்டுக்காரிக்கு எதுவும் தெரியாது."

"பிள்ளை இல்லத்துல கெடக்குடா. ஒரு கையெழுத்து போதும்."

"அங்க வந்தா, நீயே கூட்டிட்டுப் போன்னு என்கிட்டச் சொன்னா?"

மலை இறங்கும்போது முழுக்க இதே நினைப்பு. அவன் சரி என்றுவிட்டால்? பெற்றவன். பிள்ளையைக் கேட்கக்கூடிய ஒரே ஆளை நானே தேடிப் போய் அழைத்திருக்கிறேன். செல்வியிடம் சொல்லவில்லை. 

ஜூன் 16, திங்கள்

முருகேசன் தேனி ஆபீஸுக்கு வந்தான். கயலை அழைத்து வந்தார்கள். இளைத்திருந்தாள். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல். யாரோ பொறுமையாகத்தான் போட்டிருக்கிறார்கள். முருகேசன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "தேவி மொகம்" என்றான். அவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டாம்.

மேடம் கேட்டார்: "நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

 செல்வி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆசையாத்தான் இருக்கு" என்றான்.  பிறகு, "அவுககிட்டயே இருக்கட்டும் மேடம்."

மூன்று இடத்தில் கையெழுத்து. இப்போதைக்குப் பிள்ளை எங்களிடம். மாதம் ஒருமுறை கூட்டி வந்து காட்ட வேண்டும். அன்று எனக்கு ஜீப் கிடையாது, அவளுக்குப் பள்ளி கிடையாது. கடைசி உத்தரவு எப்போது? தெரியாதாம்.

ஜூன் 18, புதன்

கயல் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள். "விட்டுட்டு வந்துருவீக." இரண்டு நாளாகச் செல்வி போகும் இடமெல்லாம் பின்னாலேயே. குளியலறைக் கதவோரத்திலும் உட்கார்ந்திருக்கிறாள். டீச்சர் போன்: வராமலே இருந்தால் அதையும் எழுத வேண்டி வருமாம்.

சாயங்காலம் அவளாகவே சிலேட்டை எடுத்து எழுதினாள். மு. கயல். இத்தனை நாள் என் பெயரின் முதலெழுத்தைப் போட்டு பா. கயல் என்றுதான் எழுதுவாள்.

"பா தப்பாம். அங்கன ஒரு அக்கா சொன்னாக."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"மு-ன்னா யாருப்பா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

"இப்பச் சொல்லு."