எண்ணி முடிக்கும் வரை

மார்ச் 4
ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைப் பிரிவுத் தலைவர் பதவிக்கு இந்த முறை இரண்டே பேர். நானும் என் ஜூனியரும். தையல் போடவே நான் கற்றுக்கொடுத்த பெண். இருவரும் ஆறு வாரம் தலைமைப் பயிற்சிக்குப் போக வேண்டுமாம். இருபத்தாறு வருடம் கத்தி பிடித்தவனுக்கு வகுப்பு! முன்பு இரண்டு முறை என்னைத் தாண்டிப் போனவர்களை நான் மறக்கவில்லை.

மார்ச் 11
கூட வேலை செய்பவர்கள் பெயர் போடாமல் எங்களைப் பற்றி எழுதிய சீட்டுகள் வந்தன. எனக்கு எட்டு. எட்டிலும் "நல்ல டாக்டர்", அவ்வளவுதான். அவளுக்கு வண்டி வண்டியாகக் குறை. வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மனைவி துணி மடிப்பதை நிறுத்தாமல், "நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்" என்றாள்.

என்ன அர்த்தம்? கேட்கவில்லை.

மார்ச் 19
எழுதக் கை கூசுகிறது.

ஒரு அம்மாவுக்குக் குடல் அறுவை. ரத்தம் ஒற்ற உள்ளே வைத்த துணிகளை சிஸ்டர் எண்ணி முடிக்குமுன்பே வயிற்றை மூட ஆரம்பித்துவிட்டேன். பாதித் தையலில், உதவிக்கு நின்ற ஜூனியர், "சார், நிறுத்துங்க. சிஸ்டர் முகத்தைப் பாருங்க" என்றாள். ஒரு துணி குறைந்தது. கல்லீரலுக்கு அடியில் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று சிஸ்டரிடம் பிறகு கேட்டேன்.

"போன மாசம் ஒண்ணு குறையுதுன்னு சொன்னேன் சார். அன்னைக்கு நான்தான் தப்பா எண்ணிட்டேன். எண்ணத் தெரியாதவங்களை எல்லாம் யாரு உள்ள விட்டதுன்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்க. இன்னைக்கும் தப்பா இருந்துட்டா?"

கேட்டேனா? கேட்டிருப்பேன். நினைவில்லை — அதுதான் அசிங்கம். எனக்கு நடந்த அநியாயம் ஒவ்வொன்றுக்கும் தேதி வைத்திருக்கிறேன். நான் செய்தது ஒன்றுகூட...

வாசலில் அந்த அம்மாவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 20
நடந்ததை எழுதிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தேன். அந்த மகளிடமும் சொன்னேன். மறுபடி பிடித்திருந்த கையை உருவிக்கொண்டாள்.

மார்ச் 21
சீட்டுகளைப் பற்றி மனைவி அன்று சொன்னது புரிகிறது. பயப்படுகிறவர்கள் குறை எழுதுவதில்லை.

ஏப்ரல் 2
பயிற்சி முடியுமுன்பே முடிவு வந்துவிட்டது. பதவி ஜூனியருக்கு. வாழ்த்தப் போனேன். எழுந்து நின்றாள். உட்காரம்மா என்று பழையபடி சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 16
பயிற்சி முடிந்தது. மறுபடி எட்டுச் சீட்டுகள். ஏழில் "நல்ல டாக்டர்". ஒன்றில்: "இப்ப நின்னு காத்திருக்கீங்க. ஆனா நாங்க எண்ணும்போது பெருமூச்சு விடாதீங்க."

யார் கையெழுத்து என்று உற்றுப் பார்க்கத் தோன்றியது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.