அக்கா தெருவின் நீலம்

ஞாயிறு இரவு, பொங்கோல், சிங்கப்பூர்.

காலையில் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணிடி. ஹெல்ப்லைன்ல யாரும் எடுக்கல. நீ வெள்ள மேப்தானே போடுற? எங்க தெருவுக்கு போட் வருமான்னு பாத்துச் சொல்லு."

பக்கத்துக் காப்பிக் கடையில் மடிக்கணினியைத் திறந்தேன். பல நாடுகள் சேர்ந்து உருவாக்கும் எங்கள் வரைபடத்தில் புது வெள்ளம் சிவப்பு. மீட்புப் படகுகள் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் போகும். எப்போதும் தண்ணீர் நிற்கும் ஏரி, குளம் எல்லாம் நீலம். அக்காவின் தெரு நீலமாக இருந்தது. ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடம் அது. எங்கள் அடிப்படைப் படம் பழையது. அதில் அது இன்னும் ஏரிதான்.

குழுத் தலைவர் ரவியை அழைத்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்.

"பேஸ் மேப்பை நம்ம மட்டும் மாத்த முடியாதுலா. எல்லா நாடும் சைன் பண்ணணும். நெக்ஸ்ட் மீட்டிங்ல பேசலாம்."

"அதுக்குள்ள தண்ணி வடிஞ்சிடும் சார்."

"வடிஞ்சா நல்லதுதானே."

அக்காவை அழைத்து, எதிர் மாடி வீட்டுக்குப் போகச் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும். போட் வருதா இல்லையா?"

வரும் என்று சொல்லிவிட்டேன். அவள் ஃபோனை வைக்காமலே தெருவுக்குக் கேட்கும்படி கத்தினாள். "போட் வருதாம்! என் தங்கச்சியே சொல்லிட்டா!"

இப்போது அவள் ஃபோன் அணைந்து கிடக்கிறது. வரைபடத்தை மறுபடியும் திறந்து பார்த்தேன். சுற்றிலும் சிவப்பு, நடுவில் அதே நீலம். எங்கள் கணக்கில் அங்கே யாரும் குடியிருக்கவில்லை.